ஏழு அங்குலத் தண்ணீர்

எங்கள் மாநிலத்தில் ஒரு காருக்கு எஞ்சினைவிட முக்கியமான உறுப்பு ஒன்று உண்டு. முன்கண்ணாடியின் கீழ்மூலையில் ஒட்டப்படும், தீப்பெட்டி அகலமுள்ள ஸ்டிக்கர் அது. எஞ்சின் கெட்டு நடுரோட்டில் நின்றால் போலீஸ்காரர் இறங்கி வந்து தள்ள ஒரு கை கொடுப்பார். ஸ்டிக்கர் காலாவதியாகிவிட்டால் அதே கையால் அபராதச் சீட்டு எழுதுவார். வருஷத்துக்கு ஒரு முறை காரைச் சோதனைக்கு விட்டு, அது காற்றைக் கெடுக்கவில்லை என்று நிரூபித்தால்தான் புது ஸ்டிக்கர் கிடைக்கும்.

துறைமுகத்தில் மீன் வெட்டும் கூடத்தில் வேலை பார்க்கும் அமாதேயு ரெபேலோவின் கார் எல்லா விதத்திலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறை, முன்பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. அது எரியும்வரை புது ஸ்டிக்கர் கிடைக்காது, பழையதையோ கெடு முடிந்து சுரண்டியெடுத்தாயிற்று. மற்றவர்கள் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு ஓட்டுவார்கள். அமாதேயுவால் அப்படிச் செய்ய முடியாது. ஏனென்றால் அவருக்கு நெல்மா இருக்கிறாள்.

நெல்மா அவருடைய மகள். ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பிறகு அவள் தாய் கிரசிந்தாவோடு ஆற்றின் மேற்பக்கத்து ஊரில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை தந்தையோடு இருக்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. கூடவே இரண்டு நிபந்தனைகள். செல்லுபடியாகும் சோதனை ஸ்டிக்கர் ஒட்டிய வாகனத்தில்தான் பிள்ளையை ஏற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை தந்தை வரத் தவறினால் ஏற்பாடே ரத்து. முதல் நிபந்தனை வந்ததற்குக் காரணம், போன வருஷம் கிரசிந்தாவின் வீட்டு வாசலிலேயே காரின் புகைக்குழாய் கழன்று விழுந்ததுதான். சனிக்கிழமைகளில் அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

ஆகவே அமாதேயு காரை சுல்மீராவின் பட்டறைக்குக் கொண்டுபோனார். சுல்மீரா நெல்மாவுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியருகே ஒன்றாய் நின்ற நாளிலிருந்து அவரும் அமாதேயுவும் ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்று, அதாவது உடன்தாய், உடன்தந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். போர்த்துகீசியம் பேசும் எங்கள் தெருவில் அந்த உறவு ரத்த உறவைவிட ஒரு படி மேல். திட்டுவதற்கு முழு உரிமை உண்டு.

இந்த இடத்தில் அந்த மஞ்சள் விளக்கு ஏன் எரிந்தது என்று சொல்லிவிட வேண்டும். இது தெரியாததால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

பெட்ரோல் சும்மா இருக்கத் தெரியாத திரவம். டேங்கில் ஊற்றிய நிமிடத்திலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய கார்கள் அந்த ஆவியை வானத்துக்கு விட்டுவிட்டன. இப்போதைய கார்கள் அதைச் சிறைப்பிடிக்கின்றன. டேங்கிலிருந்து ஆவி ஒரு குழாய் வழியாக, கரித்துகள் நிரப்பிய டப்பாவுக்குள் போகிறது. கரி அதைப் பஞ்சு மாதிரிப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடுகிறது. ஒரு பொட்டு வீணாவதில்லை. யார் யோசித்தார்களோ, அழகான ஏற்பாடு.

ஆனால் எங்காவது குண்டூசித் துளை இருந்தாலும் ஆவி தப்பிவிடுமே? அதற்காகக் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. எல்லா வழியையும் அடைத்து, டேங்கிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறது. உறிஞ்சியது அப்படியே நின்றால் துளை இல்லை. நழுவினால் துளை உண்டு. நின்றதா நழுவியதா என்று பார்த்துச் சொல்வது டேங்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அளவு சென்சார். அதற்குள் நகத்தைவிட மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் டேங்கின் காற்று, மறுபக்கம் வெளிக்காற்று. எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதலோ அதற்கு எதிர்ப்பக்கம் சவ்வு வளையும். வளைவு மின்சாரமாக மாறிக் காரின் மூளைக்குப் போகும்.

இந்த அழுத்தம் மிகவும் சின்னது. டயருக்குக் காற்றடிக்கும் அளவுகோலில் முள் அசையக்கூட அசையாது. அதனால் இதை 'அங்குலத் தண்ணீர்' என்று அளக்கிறார்கள். ஐஸ் காபியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறீர்கள். காபி ஸ்ட்ராவில் ஏழு அங்குலம் ஏறி நிற்கிறது. அப்படியென்றால் உங்கள் வாய் ஏறக்குறைய ஏழு அங்குலத் தண்ணீர் அளவுக்கு இழுக்கிறது. உங்கள் வாய்க்குள் ஏழு அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று பொருளல்ல.

சுல்மீரா பரிசோதனைக் கருவியைக் காரில் சொருகி, எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பினார்.

"கொம்பாத்ரே, பெட்ரோல் மூடியைக் கழட்டு."

"கழட்டிட்டேன்."

"இப்ப டேங்குக்கு உள்ள இருக்கிற காத்தும் வெளிய இருக்கிற காத்தும் ஒண்ணு. சென்சார் என்ன காட்டணும்?"

"மீனா இருந்தா சொல்லுவேன், கொமாத்ரே."

"பூஜ்யம் காட்டணும்யா. பாரு, ஏழு அங்குலம்னு நிக்குது. மூடியைத் தொறந்து வச்சிருக்கோம், காத்து போய் வந்துகிட்டு இருக்கு, இது மட்டும் ஏழு ஏழுன்னு கெடக்குது."

ஆனால் சென்சாரை உடனே குற்றவாளி ஆக்குபவர் அல்ல சுல்மீரா. வயரில் கோளாறு இருந்தாலும் இதே மாதிரிக் காட்டும். சென்சாரின் இணைப்பைப் பிடுங்கினார். திரையில் எண் மாறியது. அப்படியானால் வயர் செய்தியை ஒழுங்காகக் கொண்டுபோகிறது. இணைப்பில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. எர்த் சரியா என்று பார்த்தார், சரி. மறுபடி சொருகினார். ஏழு. ஸ்குரூடிரைவரின் பின்பக்கத்தால் சென்சாரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். ஏழு.

"செத்துப்போச்சு. சாகும்போது ஏழுன்னு சொல்லிட்டே செத்திருக்கு. புதுசு அலமாரியில இருக்கு, பத்து நிமிஷத்து வேலை. முதல்ல வாரியத்து மெஷின்ல பதிஞ்சிடறேன். சொல்லாம மாத்தினா என் லைசென்ஸைத் தூக்கிடுவான்."

பட்டறையின் மூலையில் மாநிலப் புகைச் சோதனை வாரியத்தின் மெஷின் நிற்கிறது. அதில் தட்டுவது நேரே தலைநகரத்துக்குப் போய்விடும். சுல்மீரா ஒற்றை விரலால் தட்டினார்: 'டேங்கில் ஏழு அங்குலத் தண்ணீர் அழுத்தம் என்று மூடி திறந்த பிறகும் காட்டுகிறது. சென்சார் பழுது. மாற்ற வேண்டும்.' அந்தக் கட்டத்தில் இத்தனை எழுத்துதான் என்று வாரியம் வரம்பு வைத்திருந்தது. மெஷின் தன் வரம்புப்படி நறுக்கி, 'டேங்கில் ஏழு அங்குலத் தண்ணீர்' என்று மட்டும் அனுப்பிவைத்தது. அடுத்த நொடி திரை சிவந்தது. 'வாகனம் பூட்டப்பட்டுள்ளது. டேங்கின் எந்தப் பாகத்தையும் தொடக் கூடாது.'

"இது என்ன கொமாத்ரே?"

"ஒண்ணுமில்ல. தலைநகரத்துல எவனோ படிச்சிருக்கான்."

மறுநாள் அமாதேயு வாரியத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேற்பார்வையாளர் ஹானிகன் இருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். எதிரே வருபவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மறுப்பார்.

"உங்க டேங்க்ல தண்ணி இருக்கு, சார்."

"இல்லீங்க. அது ஒரு அளவு."

"சரி, அளவுதான். எவ்வளவு?"

"ஏழு அங்குலம்."

"எதுல ஏழு அங்குலம்?"

அமாதேயு கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "தண்ணியில" என்றார்.

"நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் ஹானிகன், ஆறுதலாக. "வருத்தப்படாதீங்க. நிறையப் பேர் இந்த இடத்துலதான் ஒத்துக்குவாங்க."

"சார், கெட்டுப்போனது சென்சாருங்க. பத்து நிமிஷத்துல மாத்திடலாம்னு சொல்றாங்க."

ஹானிகன் நாற்காலியில் சாய்ந்து, இதற்காகவே காத்திருந்தவர்போல் பேசினார். "சென்சார் கெட்டுப்போச்சுன்னு யார் வேணா சொல்லலாம். நாங்க கார்களை நம்பறதில்ல, சார். ஓட்டுறவங்களையும் நம்பறதில்ல. மெக்கானிக்குகளை நம்பவே மாட்டோம். நாங்க நம்பறது சென்சாரை மட்டும்தான். அதையும் சந்தேகப்பட்டா அப்புறம் எங்களுக்கு இந்தக் கட்டடம் எதுக்கு?"

அமாதேயு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். நல்ல கட்டடம்தான்.

"ஆனா தண்ணி எங்க வேலை இல்ல" என்று ஹானிகன் தொடர்ந்தார். "நாங்க புகை. ஆறு அங்குலத்துக்கு மேல தேங்கி நிக்கிற தண்ணியெல்லாம் ஈரநிலப் பாதுகாப்புக் குழுவுக்குப் போயிடும். உங்களது ஏழு. ஒரு அங்குலத்துல தப்பிச்சிருக்க வேண்டியவர்."

அந்த வாரச் சனிக்கிழமை முதல் முறையாகத் தவறியது. அமாதேயு போனில் பேசினார்.

"அப்பா, அம்மா சொல்றாங்க உன் கார்ல குளம் இருக்குன்னு."

"இல்லடா கண்ணு. இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"தவளை இருக்கா?"

"இல்லம்மா."

"இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்றாள் நெல்மா. பிறகு, "அடுத்த சனிக்கிழமை வந்துடுவேல்ல?" என்றாள். வருவேன் என்று அவர் சொன்னார்.

ஈரநிலக் குழுவின் தலைவர் எல்ட்ரிட்ஜ் வின்ஸ்லோ இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பட்டறை வாசலில் நின்ற காரைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் நீளக்கம்பு வைத்த ஒரு சின்ன வலை. அவருடைய குடும்பம் முந்நூறு வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறது என்பதை 'காலை வணக்கம்' சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். காரை மூன்று முறை சுற்றி வந்தார். பெட்ரோல் மூடியருகே குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குது."

"பெட்ரோல் டேங்க்ங்க, ஐயா."

"ஒரு நீர்நிலைக்குள்ள பெட்ரோல் எப்படி வந்தது?"

"நான்தான் ஊத்தினேன்" என்றார் அமாதேயு.

வின்ஸ்லோ அதைக் குறித்துக்கொண்டார். "உண்மையை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. இப்ப ரொம்ப முக்கியமான கேள்வி. இதுல மீன் இருக்கா?"

வாழ்நாள் முழுக்க மீன் வெட்டியவர் அமாதேயு. மீன் இருக்கும் இடமும் இல்லாத இடமும் அவருக்குத் தெரியும். "சத்தியமா இல்லீங்க" என்றார். தன் தரப்புக்கு அது சாதகம் என்று நினைத்தார்.

வின்ஸ்லோ தொப்பியைக் கழற்றினார். எங்கள் மாநிலத்தில் மீன் உள்ள குட்டை வெறும் குட்டை. மீன் இல்லாத குட்டை பருவகாலக் குட்டை. மீன் இல்லாததால் தவளையும் பல்லி போன்ற ஈர உயிர்களும் பயமில்லாமல் முட்டையிடும். ஆகவே சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு அதற்குத்தான். இது நல்ல சட்டம். காட்டில் நானே பல குட்டைகளைப் பார்த்திருக்கிறேன், அவை காப்பாற்றப்பட வேண்டியவைதான். ஆனால் அவற்றில் எதற்கும் நான்கு சக்கரம் இருந்ததில்லை.

மாலைக்குள் காரைச் சுற்றி வைக்கோல் கட்டுகள் அடுக்கப்பட்டன. சேறு வழியாமல் இருக்கக் கறுப்புத் துணிவேலி கட்டப்பட்டது. காருக்கு அடியில் இருந்த கரித்துகள் டப்பா 'பழைய சதுப்பின் எச்சம்' என்று குறிக்கப்பட்டது. சென்சாரை மாற்றினால் எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அதாவது அனுமதியின்றி நீர்நிலையை வற்றடித்த குற்றம். சுல்மீரா புது சென்சாரைக் கையில் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்று வின்ஸ்லோவின் முந்நூறு வருஷத்தையும் ஒவ்வொரு தலைமுறையாகத் திட்டினார். வின்ஸ்லோவுக்குப் போர்த்துகீசியம் தெரியாததால் அவர் தலையசைத்து நன்றி சொன்னார்.

இரண்டாவது சனிக்கிழமையும் போயிற்று.

நீர்நிலைக்கு நூறு அடிக்குள் வசிக்கும் எல்லாருக்கும் பதிவுத்தபாலில் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. எனக்கும் வந்தது. வியாழக்கிழமை மாலை நகர மன்றத்தில் பொது விசாரணை. அதற்கும் மூன்றாவது சனிக்கிழமைக்கும் நடுவில் ஒரே ஒரு நாள். நாங்கள் எல்லாரும் போனோம். அமாதேயு ஞாயிறு பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில், தொடையில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் பொது விசாரணை என்றால் வந்தவர்கள் எல்லாரும் பேசலாம், எல்லாரும் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரர் கடற்காக்கைகள் தன் கூரையில் எச்சமிடுவதைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் குட்டை வந்ததால் வீட்டின் மதிப்பு கூடுமா என்று கேட்டார். 'நீர்முகப்பு வீடு' என்று விளம்பரம் கொடுக்கலாம் என்று குழு சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

சுல்மீரா எதிர்க்கடையில் வாங்கிய ஐஸ் காபியோடு எழுந்தார்.

"எல்லாரும் பாருங்க. இது ஸ்ட்ரா. இப்ப இழுக்கறேன்." காபி ஏறியது. நாக்கால் ஸ்ட்ராவின் வாயை அடைத்துக் காட்டிவிட்டு எடுத்தார். "ஏழு அங்குலம் ஏறிச்சு. என் வாய்க்குள்ள குளமா இருக்கு? அங்குலத் தண்ணிங்கிறது இழுக்கிற பலத்துக்குப் பேருங்க. தண்ணிக்குப் பேரு இல்ல!"

வின்ஸ்லோ பொறுமையாகக் கேட்டார். "அம்மா, அந்தக் குழாயில இருக்கிறது என்ன?"

"காபி."

"காபி இந்தக் குழுவோட அதிகாரத்துக்குள்ள வராது. நாம தண்ணியைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்."

"அப்ப டேங்க் மூடியைத் தொறந்து ஒரு குச்சியை விட்டுப் பாருங்களேன்யா!"

கூட்டத்தில் முணுமுணுப்பு. வின்ஸ்லோ கையை உயர்த்தினார். "இனப்பெருக்கக் காலத்துல குட்டைக்குள்ள குச்சி விடறதா? அம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பொதுமக்கள் எங்களைத் தப்பாப் புரிஞ்சிக்கிறாங்க. இந்தக் குழு உண்மைக்கு எதிரி இல்ல. உண்மை முறையான விண்ணப்பத்தோட வந்தா நாங்க எப்பவும் வரவேற்போம். ஆனா ஒரு குட்டை இருக்குன்னு ஒரு அரசாங்கத் துறை சொன்னா, போய்ப் பார்த்துச் சரிபார்க்கிறது அந்தத் துறையை அவமானப்படுத்தற மாதிரி. நான் பார்த்தேன், ஆனா சரிபார்க்கல."

ஹானிகன் எழுந்து அதை ஆமோதித்தார். "வாரியத்தின் சார்பா ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த டேங்க்ல தண்ணி இல்லைன்னு இன்னைக்கு முடிவானா, ஒரு சென்சார் பொய் சொல்லியிருக்குன்னு ஆகும். இந்த மாநிலத்துல ஓடுற அத்தனை காரையும் நாங்க சென்சார் பேச்சைக் கேட்டுத்தான் பாஸ் பண்ணியிருக்கோம், ஃபெயில் பண்ணியிருக்கோம். ஒரு மனுஷனோட சனிக்கிழமைக்காக அத்தனையையும் திருப்பி எடுக்கச் சொல்றீங்களா?"

'மனுஷனோட சனிக்கிழமை' என்றதும் எல்லாரும் அமாதேயுவைப் பார்த்தோம். அவர் எழுந்து நிற்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை என்று முகம் சொல்லிற்று.

"ஐயா" என்றார், கோட்டின் பித்தானைப் பிடித்துக்கொண்டு. "எனக்குச் சட்டம் தெரியாது. நீங்க எல்லாரும் படிச்சவங்க, தண்ணின்னு சொல்றீங்க. நான் இனிமே இல்லைன்னு சொல்லல. தண்ணிதான். ஆனா நாளன்னைக்கு நான் என் மக வீட்டுக்குப் போயாகணும். போகலைன்னா இனிமே எப்பவும் போக முடியாது. இது தண்ணின்னா... தண்ணியாவே போகட்டுமே? ஆத்துத் தண்ணி எல்லாம் உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டா ஓடுது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அது வேலை செய்தது.

வின்ஸ்லோ கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்து உறுப்பினரோடு குசுகுசுத்தார். "இயற்கையான நீரோட்டத்துக்கு அனுமதி கேட்க யாருக்கும் அதிகாரம் இல்ல" என்றார் மெதுவாக. "தடுக்கத்தான் அனுமதி வேணும்." தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். "இந்த வைக்கோல் கட்டுகளை இங்க போட்டது யார்? ஒரு நீர்நிலையோட ஓட்டத்தை யார் அடைச்சது?"

"நீங்கதான்" என்றார் சுல்மீரா.

"உடனே அகற்றப்பட வேண்டும்" என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. ஹானிகன் முகத்தில் பெரிய நிம்மதி. அது நீர்நிலை என்று உறுதியானதும், வாகனம் அல்ல என்றும் உறுதியாகிவிட்டது. வாகனம் அல்லாததற்கு ஸ்டிக்கர் தேவையில்லை. சென்சார் பொய் சொல்லவில்லை. அவர் மேடையேறி வின்ஸ்லோவின் கையைக் குலுக்கினார். இரண்டு துறைகள் இவ்வளவு அழகாக ஒத்துப்போனதை எங்கள் ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஒரு சிக்கல் மட்டும் கடைசி நேரத்தில் முளைத்தது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கிரசிந்தாவின் ஊரோ ஆற்றின் மேற்பக்கம், நீர் வரும் திசையில். கரையோரத்து மனிதர் என்பதால் வின்ஸ்லோவே வழியும் சொன்னார். எங்கள் ஆற்றில் கடல் ஏறும்போது அந்த ஊர் வரைக்கும் தண்ணீர் மேல்நோக்கிப் போகும். ஆகவே நீர்நிலை ஏற்றத்தின்போது மேலே போகலாம், வற்றத்தின்போது கீழே வரலாம். எதிர்த்துப் போனால் இயற்கைக்கு விரோதம், அபராதம். இதுவும் ஆணையில் எழுதப்பட்டு முத்திரை குத்தப்பட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் கடல் ஏறத் தொடங்கியது. மீன் வெட்டும் கூடத்தில் உள்ளவனுக்கு அதைப் பார்க்க அட்டவணை வேண்டாம். ஆனாலும் அமாதேயு அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருவில் நாங்கள் வைக்கோல் கட்டுகளை ஒதுக்கி வழிவிட்டோம். மஞ்சள் விளக்கு எரிய, ஸ்டிக்கர் இல்லாத கண்ணாடியோடு, நீர்நிலை எஞ்சின் சத்தத்தோடு மேல்நோக்கிப் பாய்ந்தது.

நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய மூலையைப் பார்த்தார். அமாதேயு ஆணையை நீட்டினார். போலீஸ்காரர் இரண்டு முறை படித்தார். தொப்பியைப் பின்னால் தள்ளினார். தன் அலுவலகத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டார். அவர்கள் வாரியத்தைக் கேட்டார்கள். வாரியம் ஈரநிலக் குழுவைக் கேட்டது. இதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

"கடல் இன்னும் ஏறுதா?" என்றார் போலீஸ்காரர் கடைசியில்.

"மூணு மணி வரைக்கும் ஏறும், சார்."

"அப்ப எதுக்கு நிக்கறீங்க? போங்க. வேகமா போகாதீங்க. நான் வெள்ள எச்சரிக்கை குடுக்க வேண்டி வரும்."

கிரசிந்தாவின் வீட்டு வாசலில் கார் நின்றபோது மூன்று மணி ஆகச் சில நிமிஷங்களே இருந்தன. கதவைத் திறந்த கிரசிந்தா முதலில் கண்ணாடியின் மூலையைத்தான் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் எங்க?"

"தேவையில்ல. இது கார் இல்லயாம்."

"என்னது?"

அமாதேயு ஆணையைக் கொடுத்தார். அவள் நிலைப்படியில் சாய்ந்து முழுவதையும் படித்தாள். இரண்டு முத்திரைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவர் நினைத்தார், அவள் சிரிக்கவில்லை. முகத்தில் வேறொரு கவலை வந்தது.

"நெல்மாவுக்கு நீச்சல் தெரியாதே" என்றாள்.

"கிரசிந்தா, அது பெட்ரோல் டேங்க்."

"அரசாங்க முத்திரை குத்திக் குட்டைன்னு எழுதியிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா ஜட்ஜ் என்னைத்தான் கேப்பாரு." அவள் உள்ளே திரும்பி, "நெல்மா, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு வா!" என்று கத்தினாள். பிறகு அமாதேயுவிடம், "எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவே? ஆறு மணின்னுதான் உத்தரவு."

அமாதேயு சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். அதுவரை அவர் இதை யோசித்திருக்கவில்லை. "இப்ப வடிய ஆரம்பிச்சிடும். கீழ போகலாம். மறுபடி ஏறத் தொடங்க ராத்திரி ஒன்பது மணி தாண்டிடும். அதுக்கு முன்னால மேல வந்தா இயற்கைக்கு விரோதம்."

"ஒன்பது மணிக்கு அவ தூங்கியாகணும்."

"ஆமா."

"அதுக்கடுத்த ஏத்தம்?"

"நாளைக்குக் காலையில. பத்து மணிக்கு மேல."

கிரசிந்தா அட்டவணையை வாங்கித் தானே பார்த்தாள். மீனவர் குடும்பத்துப் பெண்தான் அவளும். ஒரு வரியை விரலால் பிடித்து நாளைய வரி வரைக்கும் இழுத்தாள். மறுபடி மேலிருந்து பிடித்தாள். தெருவில் யாரோ புல் வெட்டும் மெஷினை இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அமாதேயு, பேசினால் கடல் நின்றுவிடும் என்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் நெல்மா வந்தாள். கழுத்து வரை ஏறிய ஆரஞ்சு நிற ஜாக்கெட், அதிலிருந்து தொங்கும் விசில். முன்சீட்டில் ஏறி, ஜாக்கெட்டின் மேலேயே பெல்ட்டைச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டு, தரையில் கால் ஈரமாகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

பின்னால் வந்த கிரசிந்தா ஜன்னல் வழியாக ஒரு பையை மகளின் மடியில் வைத்தாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் மடித்த இரவு உடை.

"சூப்புல கீரை போடு, திங்க மாட்டேம்பா, போடு" என்றாள் அமாதேயுவிடம். "போ. தண்ணி வடியுது."